வலி என்று சொல்லும் உரிமை

உயர்மட்ட விளையாட்டில் பயிற்சியாளர் என்பவர் ஒரே நேரத்தில் ஆசிரியராகவும், மேலதிகாரியாகவும், பாதி மருத்துவராகவும், வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளுக்குப் பெற்றோராகவும் இருக்கிறார். ஆனால் இந்த நான்கு பொறுப்புகளுக்கும் சமூகம் நெடுங்காலம் பட்டறிந்து விதித்திருக்கும் வரம்புகள் எதுவும் அவரை முழுமையாகக் கட்டுவதில்லை. பள்ளி ஆசிரியரின் அதிகாரம் மாலை மணி அடித்ததும் முடிந்துவிடுகிறது, மேலதிகாரியின் ஆணை வேலை நேரத்தைத் தாண்டினால் சட்டம் கேள்வி கேட்கிறது, மருத்துவர் நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் கத்தியைத் தொட முடியாது. பயிற்சியாளரின் சொல்லோ, வீராங்கனை எத்தனை மணிக்கு எழ வேண்டும், எதை உண்ண வேண்டும், எத்தனை கிலோ இருக்க வேண்டும், யாருடன் பேசலாம், எந்தக் காயத்துடன் ஓடலாம், கடைசியில் அணியில் இடம் உண்டா இல்லையா என்பது வரை நீள்கிறது. இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் குவிவதைப் பற்றிய விவாதம் ஏதேனும் ஒரு குற்றச்செய்தி வெளிவந்த பிறகே எழுகிறது. எழும்போதும் கெட்ட பயிற்சியாளர் ஒருவரை அடையாளம் காட்டித் தண்டிப்பதோடு அடங்கிவிடுகிறது.

அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்ற கேள்விக்கு 1959இல் ஜான் பிரெஞ்ச், பெர்ட்ரம் ரேவன் என்னும் இரு சமூக உளவியலாளர்கள் ஐந்து ஊற்றுகளைக் குறிப்பிட்டார்கள். பதவி தரும் அதிகாரம், பரிசு தர முடிவதால் வரும் அதிகாரம், தண்டிக்க முடிவதால் வரும் அதிகாரம், துறை அறிவால் வரும் அதிகாரம், 'இவரைப் போல் ஆக வேண்டும்' என்று பிறர் மனத்தில் எழும் மதிப்பால் வரும் அதிகாரம் ஆகியவையே அவை. ஓர் அலுவலகத்தில் இந்த ஐந்தும் பொதுவாகப் பலரிடம் பிரிந்து கிடக்கும். தேசிய முகாமிலோ ஐந்தும் ஒருவரிடமே சேர்கின்றன. இவற்றுக்கும் அடியில், விளையாட்டுக்கே உரிய இன்னோர் அதிகாரம் இருக்கிறது. வலிக்கும்போது அது காயமா சோம்பலா, பசிக்கும்போது அது தேவையா பலவீனமா, களைப்பு நோயின் அறிகுறியா மன உறுதிக் குறைவா என்று பொருள் சொல்லும் அதிகாரமே அது. ஒரு சிறுமி தன் உடல் சொல்வதை நம்பாமல் பயிற்சியாளர் சொல்வதை நம்பத் தொடங்கும் நாளில் மற்றெல்லாக் கட்டுப்பாடுகளும் எளிதாகிவிடுகின்றன. ஏனெனில் அதன்பின் அவளுக்கு நேரும் தீங்கை அவளே தீங்கு என்று அறிய முடிவதில்லை.

இதை அமெரிக்கப் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸின் கடந்த அரை நூற்றாண்டைப் போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று இல்லை. 1976ஆம் ஆண்டு மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் 10க்கு 10 மதிப்பெண் பெற்ற ருமேனிய வீராங்கனை நாடியா கொமனேச்சிக்கு அப்போது வயது 14. அவருடைய பயிற்சியாளர்களான பேலா கரோலி, மார்த்தா கரோலி தம்பதியர் 1981இல் ருமேனியாவிலிருந்து வெளியேறி அமெரிக்காவில் தஞ்சம் புகுந்தனர். முதிர்ந்த பெண்களின் கலையாக இருந்த ஜிம்னாஸ்டிக்ஸ், பருவமடையாத உடல்களின் போட்டியாக மாறிவந்த காலம் அது. எடை குறைந்த, இடுப்பு விரியாத உடல் காற்றில் வேகமாகச் சுழலும் என்பது இயற்பியல். அந்த உடலை இயற்கை அனுமதிப்பதைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக அப்படியே நிறுத்தி வைப்பது பயிற்சியாளரின் வேலையாயிற்று. உணவைக் கட்டுப்படுத்தாமல் அதைச் செய்ய இயலாது, தனிமைப்படுத்தாமல் உணவைக் கட்டுப்படுத்த இயலாது.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் அணிப் போட்டியில் 18 வயது கெர்ரி ஸ்ட்ரக் முதல் வால்ட் பாய்ச்சலில் தவறி விழுந்து கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். பேலா கரோலி ஓரத்திலிருந்து உரக்க ஊக்கப்படுத்த, அவர் நொண்டியபடி சென்று மீண்டும் ஓடிப் பாய்ந்து, ஒற்றைக் காலில் நின்று, பின் மண்டியிட்டுச் சரிந்தார். தங்கம் கிடைத்தது, பயிற்சியாளர் அவரைக் கைகளில் ஏந்திச் சென்ற காட்சி வீரத்தின் இலக்கணமாக உலகெங்கும் ஒளிபரப்பானது. பின்னர் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது, அந்த இரண்டாவது பாய்ச்சல் இல்லாமலேயே அமெரிக்க அணி தங்கம் வென்றிருக்கும் என்பது தெரியவந்தது. அந்த நொடியில் அது எவருக்கும் தெரியாது என்பது உண்மையே. ஆயினும் தனிநபர் இறுதிப் போட்டிகளுக்குத் தகுதி பெற்றிருந்தும் காயத்தால் ஸ்ட்ரக்கால் அவற்றில் ஆட முடியாமல் போயிற்று. அவர் அந்தப் பாய்ச்சலைத் தாமே விரும்பிச் செய்ததாகச் சொல்பவர்கள் உண்டு, அதில் ஐயமும் இல்லை. ஆனால் பல்லாண்டுகள் ஒரு குரலுக்கு ஏற்பத் தன் வலியை அளந்து பழகிய ஒருவரின் விருப்பத்தில் அந்தக் குரலின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறியும் கருவி எவரிடமும் இல்லை.

2001 முதல் 2016 ரியோ ஒலிம்பிக் வரை தேசிய அணியின் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர் மார்த்தா கரோலி. டெக்சாஸ் மாநிலத்தில் சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டுக்குள் இருந்த கரோலி தம்பதியரின் பண்ணையே அப்போது தேசியப் பயிற்சி மையமாக இருந்தது. பெற்றோர் உடன் தங்க அனுமதி இல்லை. செல்பேசிச் சமிக்ஞை சரியாகக் கிடைக்கவில்லை. எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியலாளர் 1961இல் சிறை, மனநலக் காப்பகம், ராணுவ முகாம் போன்றவற்றை 'முழுமை நிறுவனம்' என்று வகைப்படுத்தினார். உறக்கம், உணவு, உழைப்பு மூன்றும் ஒரே கூரையின்கீழ், ஒரே அதிகாரத்தின் கண்முன், வெளியுலகத் தொடர்பின்றி நடக்கும் இடம் என்பது அதன் பொருள். பண்ணை அந்த வரையறைக்குள் அப்படியே அடங்குகிறது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்றையும் சொல்ல வேண்டும்: அந்தப் பண்ணைக்குத் தம் மாணவிகளை அழைத்துவந்த தனிப் பயிற்சியாளர்களும் அச்சத்துக்குள்தான் இருந்தார்கள். ஒலிம்பிக் அணித் தேர்வு மதிப்பெண்ணைவிடத் தேர்வுக் குழுவின் மதிப்பீட்டைப் பெரிதும் சார்ந்திருந்ததால், சிறுமி வலி என்றால் அவளை அடக்குவது அவளுடைய பயிற்சியாளரின் தன்னலமும் ஆயிற்று. அதிகாரம் மேலிருந்து கீழாகச் சங்கிலிபோல் இறங்கியது. அதே காலத்தில் 2004 முதல் 2016 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் பெண்களுக்கான ஒட்டுமொத்தத் தனிநபர் தங்கம் அமெரிக்காவுக்கே கிடைத்ததால், பண்ணைக்குள் நடப்பதைப் பற்றிக் கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை.

அந்த மௌனத்துக்குள்தான் அணி மருத்துவர் லாரி நாசர் பல ஆண்டுகள் சிகிச்சை என்ற பெயரில் சிறுமிகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றம் ஒன்று அவருக்கு 40 முதல் 175 ஆண்டுகள் சிறை விதித்தபோது, 150க்கும் மேற்பட்ட பெண்கள் நேரிலும் எழுத்திலும் வாக்குமூலம் அளித்திருந்தார்கள். கடுமையும் பசியும் ஆட்சி செய்த இடத்தில் அவர் மட்டும் சிறுமிகளுக்கு ரகசியமாக இனிப்பு கொடுத்தார், கனிவாகப் பேசினார் என்பது விசாரணைகளில் வெளிப்பட்ட செய்தி. பயிற்சியாளர்கள் ஏற்படுத்திய வறட்சி, மருத்துவர் வேடத்தில் வந்தவருக்கு விளைநிலமாயிற்று. தன் உடலில் நடப்பது சரியில்லை என்று உள்ளுணர்வு சொன்னாலும், உள்ளுணர்வை நம்பாதே என்பதே அந்தச் சிறுமிகள் நாள்தோறும் கற்ற முதல் பாடமாக இருந்தது.

2015இல் மேகி நிக்கல்ஸ் என்னும் வீராங்கனை சக வீராங்கனையிடம் இதைப் பற்றிப் பேசுவதைத் தற்செயலாகக் கேட்டு அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பிடம் புகார் செய்தவர் அவருடைய சொந்தப் பயிற்சியாளர்தான் என்பதை மறக்கக்கூடாது. சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் உண்மை வெளிவரும் என்பதற்கு அதுவே சான்று. மறு ஆண்டு தகுதிப் போட்டியில் ஆறாமிடம் பெற்ற நிக்கல்ஸ், ஒலிம்பிக் அணியிலோ மாற்று வீராங்கனையர் பட்டியலிலோ இடம்பெறவில்லை. அவருடைய பெற்றோர் புகாரையும் தேர்வையும் இணைத்து ஐயம் எழுப்பினார்கள். அவர் அந்த ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தார் என்பதும் உண்மை. இரண்டில் எது காரணம் என்று நிரூபிக்க வழியில்லை, சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. காரணம் சொல்லாமல் ஒருவரை விலக்கும் அதிகாரம் இருக்கும்வரை, பழிவாங்கலும் நேர்மையான தேர்வும் வெளியிலிருந்து ஒன்றுபோலவே தெரியும். வாய் திறக்க நினைக்கும் அடுத்த பெண்ணைத் தடுக்க அந்த ஐயம் ஒன்றே போதும்.

எடை பார்க்கும் கருவி இந்த அதிகாரத்தின் அன்றாடச் சின்னம். 1988இல் நடுவர் ஒருவர் எடையைக் குறைக்க வேண்டும் என்று சொன்ன சொல்லைப் பற்றிக்கொண்ட அமெரிக்க ஜிம்னாஸ்ட் கிறிஸ்டி ஹென்ரிக், உணவை மறுக்கும் நோய்க்கு ஆளாகி, 1994இல் 22ஆம் வயதில் உறுப்புகள் செயலிழந்து இறந்தார். கால் நூற்றாண்டுக்குப் பின், 17 வயதில் நைக்கி நிறுவனத்தின் ஓரிகன் திட்டத்தில் சேர்ந்த ஓட்ட வீராங்கனை மேரி கேய்ன், தம்மை ஏறத்தாழ 52 கிலோவுக்குக் கொண்டுவரும்படி வற்புறுத்தப்பட்டதையும், சக வீரர்கள் முன்னிலையில் எடை பார்க்கப்பட்டதையும், மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றுபோய் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019 நவம்பரில் வெளியிட்டார். உழைப்புக்கு ஈடான ஆற்றல் உணவிலிருந்து கிடைக்காதபோது உடல் இனப்பெருக்கம், எலும்பு வளர்ச்சி போன்ற பணிகளை நிறுத்திச் சேமிக்கத் தொடங்குகிறது; பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்கு 'விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் குறைபாடு' என்று பெயரிட்டது. மாதவிடாய் நிற்பது கடும் பயிற்சியின் இயல்பான அடையாளம் என்று அதுவரை எத்தனையோ மைதானங்களில் சொல்லப்பட்டுவந்தது. உடல் எழுப்பிய அபாயச் சங்கைப் பாராட்டு மணியாகத் திரித்துச் சொன்ன கொடுமை அது. கேய்னின் பயிற்சியாளர் ஆல்பெர்ட்டோ சலசார் குற்றச்சாட்டுகளை மறுத்தார். வேறு ஊக்கமருந்து விதிமீறல்களுக்காக ஏற்கெனவே நான்கு ஆண்டுத் தடை பெற்றிருந்த அவருக்கு, பாதுகாப்பான விளையாட்டுக்கான அமெரிக்க மையம் 2021இல் வாழ்நாள் தடை விதித்தது.

அரசே பயிற்சியாளரின் பின்னால் நிற்கும்போது இந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி சான்று. 1974இல் வகுக்கப்பட்ட ரகசியத் திட்டத்தின்கீழ் சுமார் 10,000 பேருக்கு ஆண்மை இயக்குநீர் மாத்திரைகள் தரப்பட்டன. சத்து மாத்திரை என்று சொல்லிச் சிறுமிகளின் கையில் அவற்றை வைத்தவர்கள் அவர்கள் நம்பிய பயிற்சியாளர்களே. அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் பதில் சொன்னது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிய செய்தி வெளியான நிலையிலும் களமிறக்கப்பட்ட 15 வயது ரஷ்யப் பனிச்சறுக்கு வீராங்கனை கமிலா வலியேவா, இறுதி ஆட்டத்தில் மீண்டும் மீண்டும் விழுந்தார்; அழுதபடி வெளியே வந்தவரிடம், ஏன் போராடுவதை விட்டுவிட்டாய் என்று பயிற்சியாளர் எத்தேரி துத்பெரிட்சே கேட்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அந்தக் குளிர்ந்த வரவேற்பு தம்மைக் கலங்கடித்ததாக ஒலிம்பிக் குழுத் தலைவர் தாமஸ் பாக் மறுநாள் வெளிப்படையாகச் சொன்னார். துத்பெரிட்சேயிடம் பயின்று 15 வயதில் ஒலிம்பிக் தங்கம் வென்ற லிப்னித்ஸ்கயாவோ ஜாகிதோவாவோ இரண்டாவது ஒலிம்பிக்கில் கால் வைக்கவில்லை. அவர் திறமையானவர் என்பதில் ஐயமில்லை. ஒரு பூவை ஒருமுறை மட்டும் மலரச் செய்யும் திறமையை எப்படி மதிப்பது என்பதே கேள்வி. சர்வதேசப் பனிச்சறுக்கு ஒன்றியம் 2022 ஜூனில் மூத்தோர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15லிருந்து 17ஆக உயர்த்த முடிவெடுத்தது. ஆனால் வலியேவாவுக்கு விதிக்கப்பட்ட நான்கு ஆண்டுத் தடையின் சுமை முழுவதும் சிறுமியின் தோள்மீதே விழுந்தது.

கண்டிப்பு இல்லாமல் பதக்கம் இல்லை என்னும் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. உச்சத்துக்குச் செல்லும் உடல் சுகத்தில் வளர்வதில்லை. நல்ல பயிற்சியாளர் மாணவர் விரும்பாததையும் செய்யவைப்பவர்தான். ஆனால் வென்றவர்களை மட்டும் கணக்கில் கொண்டு ஒரு முறையைப் புகழ்வது, கரை சேர்ந்தவர்களை மட்டும் கேட்டுக் கடலின் ஆழத்தை அளப்பதைப் போன்றது. முறிந்து வீடு திரும்பியவர்களின் பட்டியலை எந்தக் கூட்டமைப்பும் வெளியிடுவதில்லை. 13 வயதுவரை தேசியச் சாம்பியன் பட்டப் போட்டிகளை அனுமதிக்காத நார்வே, அதே பெய்ஜிங்கில் 16 தங்கம் வென்று பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2021 டோக்கியோவில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 45.94 வினாடிகளில் முடித்த கார்ஸ்டன் வார்ஹோமும், அவரைவிடப் பல பத்தாண்டுகள் மூத்த பயிற்சியாளர் லெய்ஃப் ஊலாவ் ஆல்னஸும் விவாதித்தும் முரண்பட்டும் உழைத்த இணையாகவே அறியப்படுகிறார்கள். அதே டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், காற்றில் தன் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிவிடுவதாகச் சொல்லி விலகியபோது, அவருடைய பயிற்சியாளர்களான லாண்டி தம்பதியர் அந்தச் சொல்லை ஐயுறாமல் ஏற்றார்கள். 2024 பாரிசில், 27 வயதில், அவர் மூன்று தங்கம் வென்றார். பண்ணையின் கணக்குப்படி அந்த வயதில் ஒரு ஜிம்னாஸ்ட் இருக்கவே கூடாது.

இந்தியாவில் இந்தச் சிக்கலின்மேல் 'குரு' என்னும் சொல்லின் கனம் கூடுதலாக ஏறிக்கொள்கிறது. பயிற்சியாளர்களுக்காக 1985இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய விருது, மாணவனின் கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட துரோணரின் பெயரைத் தாங்கியிருப்பது வெறும் பெயர் விவகாரம் அல்ல. கேட்பது குருவின் உரிமை, கொடுப்பது மாணவரின் கடமை என்ற நம்பிக்கையை அரசு மறுபரிசீலனையின்றி ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது. சிற்றூரிலிருந்து விளையாட்டு விடுதிக்கு வரும் ஒரு பெண்ணுக்குக் கல்லூரி இடம், விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை அல்லது காவல்துறை வேலை, அதன்வழி குடும்பத்தின் கடன் அடைவது எல்லாம் பயிற்சியாளரின் நல்லெண்ணத்தைச் சார்ந்து இருக்கும்போது, 'முடியாது' என்ற சொல்லுக்கு அவள் தரும் விலை அமெரிக்கச் சிறுமி தந்ததைவிடப் பெரிது. 2021இல் சென்னையில் நீண்டகாலம் தடகளப் பயிற்சி அளித்துவந்த ஒருவர், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் கைதானபோது, காயத்துக்குச் சிகிச்சை என்ற பெயரிலேயே அத்துமீறல்கள் நடந்ததாகப் புகார் கூறப்பட்டது. ஒரு புகாருக்குப் பின் மேலும் பல பெண்கள் முன்வந்தார்கள். மறு ஆண்டு, ஸ்லோவேனியா சென்ற இந்திய சைக்கிள் அணியின் வீராங்கனை ஒருவர் தேசியப் பயிற்சியாளர்மீது புகார் அளித்து நாடு திரும்பினார். பயிற்சியாளரின் ஒப்பந்தம் ரத்தாயிற்று, வீராங்கனையர் செல்லும் குழுவில் பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்று இந்திய விளையாட்டு ஆணையம் உத்தரவிட்டது. அந்த உத்தரவுக்கு ஒரு புகார் தேவைப்பட்டதே வேதனை.

பாலியல் குற்றம் அல்லாத அதிகாரக் கேட்டுக்கு டேபிள் டென்னிஸ் வீராங்கனை மனிகா பத்ராவின் வழக்கு தக்க சான்று. டோக்கியோவில் தேசியப் பயிற்சியாளரின் ஆலோசனையை மறுத்ததற்கு விளக்கம் கேட்கப்பட்டபோது, அந்தப் பயிற்சியாளர் தம் தனிப் பயிற்சிக் கழகத்தில் பயிலும் வீராங்கனை ஒலிம்பிக் தகுதி பெறுவதற்காக ஓர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி கேட்டதாக அவர் குற்றம்சாட்டினார். தேசிய முகாமுக்கு வராதவருக்கு அணியில் இடமில்லை என்ற விதி கொண்டுவரப்பட்டு, அவர் ஆசியச் சாம்பியன் பட்டப் போட்டிக்கான அணியிலிருந்து விடுபட்டார். டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. பின்னர் 2022 பிப்ரவரியில் டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் செயற்குழுவையே விலக்கி நிர்வாகக் குழுவை நியமித்தது. உலகத் தரவரிசையில் இருந்த, வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்த ஒருவரே நீதிமன்றத்தின் கதவைத் தட்டவேண்டியிருந்தது என்றால், மாவட்ட அளவில் ஆடும் பெண்ணின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மைதானத்தையும் பயிற்சி விடுதியையும் பணியிடமாகவே வரையறுக்கிறது; 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டம், நம்பிக்கைக்குரிய பொறுப்பில் உள்ளவர் செய்யும் குற்றத்தைக் கூடுதல் கொடியதாகக் கருதுகிறது. ஆனால் 18 வயது நிறைந்த வீராங்கனைக்கும் அவருடைய பயிற்சியாளருக்கும் இடையிலான எடை, உணவு, காயம், தேர்வு குறித்த அன்றாட அதிகாரத்தை இந்தச் சட்டங்கள் தொடுவதில்லை, தொடவும் இயலாது. அந்த இடத்தை நிர்வாக விதிகள்தான் நிரப்ப வேண்டும். பயிற்சி தருபவர் தேர்வுக் குழுவில் அமரக் கூடாது. தேசியப் பயிற்சியாளருக்குச் சொந்தப் பயிற்சிக் கழகம் இருக்கக் கூடாது. விலக்கப்பட்டவருக்கு எழுத்தில் காரணம் தரப்பட வேண்டும். புகார் பெறுபவர் கூட்டமைப்பின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் பாதுகாப்பான விளையாட்டுக் கொள்கைக்கும் தனித் தீர்ப்பாயத்துக்கும் இடம் தருவதால், இவற்றை விதிகளாக எழுதும் வாய்ப்பு இப்போது கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. அந்த விதிகளில் சிறியதாகத் தோன்றும் ஒன்றும் இடம்பெற வேண்டும்: முகாம் மருத்துவர் எழுதும் அறிக்கை முதலில் வீராங்கனையின் கைக்கே போக வேண்டும், அதை அவர் படித்து, தெரியாததைக் கேட்டு, ஒப்புதல் அளித்த பிறகே பயிற்சியாளரின் மேசைக்குச் செல்ல வேண்டும்.